ராணி இறந்த பிறகும் ராணி முத்திரை!

ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய அமெரிக்கச் சிப்பாய்கள் பலர், ஊர் திரும்பும்போது பழைய துப்பாக்கி ஒன்றை நினைவுப் பொருளாக வாங்கிப் போனார்கள். கடைத்தெருவில் விற்ற அந்த ரைஃபிள்களில் கிரீடம் இருக்கும். அதன் கீழே விக்டோரியா மகாராணியைக் குறிக்கும் ‘வி.ஆர்.’ என்ற எழுத்துகளும், ஓர் ஆண்டும் இருக்கும். பிரிட்டிஷ் பட்டாளம் விட்டுப்போன பொக்கிஷம் என்று கடைக்காரர் சொல்வார்.

அந்த ஆண்டு ரொம்ப முக்கியம். அமெரிக்கச் சட்டப்படி 1898-க்குள் செய்த துப்பாக்கிதான் ‘பழம்பொருள்’. அதை ஊருக்குக் கொண்டுபோவது சுலபம். அதனால் ஆண்டைக் குத்துவதே ஒரு வியாபாரமாகிப்போனது.

கைபர் கணவாய்ப் பகுதியில் துப்பாக்கி செய்வது பரம்பரைத் தொழில். பெஷாவருக்குத் தெற்கே உள்ள தாரா ஆதம் கேல் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. எந்தத் துப்பாக்கியைக் கொடுத்தாலும் அரத்தையும் சுத்தியலையும் வைத்தே அச்சு அசலாகச் செய்துவிடுவார்கள். முத்திரையையும் அப்படியே வெட்டுவார்கள். ஆனால், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர் கையால் வெட்டிய எழுத்தில் ‘என்’ திரும்பி நிற்கும், ‘என்ஃபீல்டு’ என்ற பெயரில் ஓர் எழுத்து குறையும்.

அதைவிடப் பெரிய சாட்சி சரித்திரம். விக்டோரியா இறந்தது 1901 ஜனவரியில். பிறகு வந்தவர் ஏழாம் எட்வர்டு. 1910-ல் ஐந்தாம் ஜார்ஜ் வந்தார், முத்திரை ‘ஜி.ஆர்.’ ஆனது. முதல் உலகப்போரில் புகழ்பெற்ற குட்டைக் குழல் லீ-என்ஃபீல்டு ராணுவத்துக்கு வந்ததே மகாராணி மறைந்த பிறகுதான். அந்த ரைஃபிளில் ‘வி.ஆர்.’ இருந்தால், பெரும்பாலும் போலி!

நம் நாட்டிலும் மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் இதே ரைஃபிளைச் செய்தார்கள். அதில் ‘ஜி.ஆர்.ஐ.’ என்று இருக்கும். கடைசி எழுத்து, மன்னர் இந்தியாவுக்குச் சக்கரவர்த்தியும்கூட என்பதைச் சொல்வது. சுதந்திரத்துக்குப் பிறகு கிரீடம் போய் அசோகரின் சிங்கம் வந்தது.

சரி, போலி இல்லை என்று தெரிந்துவிட்டது. விலை எப்படி முடிவாகும்? அடுத்துப் பார்ப்பது எண்களை. லீ-என்ஃபீல்டின் உடல், தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட், முனைமூடி, குறிபார்க்கும் தகடு எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால், தொழிற்சாலையில் சேர்ந்த பாகங்கள் இன்னும் பிரியவில்லை என்று அர்த்தம். சேகரிப்பவர்கள் அதற்குத்தான் கூடுதல் விலை கொடுப்பார்கள். எண் மாறியிருந்தால் அது மோசடி என்று சொல்லிவிட முடியாது. ராணுவப் பட்டறையில் பழுது பார்க்கும்போது பாகம் மாறுவது சகஜம். ஆனாலும் விலை இறங்கும்.

மரக்கட்டையையும் கவனிப்பார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இத்தகைய ரைஃபிள்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன. வேட்டைக்கு எடை குறைய வேண்டுமென்று பலர் முன்பக்க மரத்தை அறுத்துவிட்டார்கள். இன்று அதில் புது மரத்தைப் பொருத்தி ‘ஒரிஜினல்’ என்று விற்பவர்களும் உண்டு. பின்கட்டையும் முன்கட்டையும் வேறு வேறு நிறத்தில் இருந்தால் சந்தேகம் வர வேண்டும்.

பரம்பரையாக வந்த அசல் துப்பாக்கிக்குப் போலியைவிடப் பெரிய எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. உப்புக் காகிதமும் வார்னிஷும்தான் அது! தாத்தாவின் துப்பாக்கி பளபளக்கட்டும் என்று பேரன் தேய்ப்பான். உலோகத்தில் படிந்த பழைய நிறமும், மரத்தில் குத்திய ஆய்வாளர் முத்திரையும் சேர்ந்தே போய்விடும். பின்கட்டையில் பித்தளை வில்லை இருந்தால், அது எந்தப் படைப்பிரிவின் கையில் இருந்தது என்பதை அதில் வெட்டிய எழுத்து சொல்லக்கூடும். அதையும் தேய்த்துவிட்டால், சொல்ல ஆளில்லை.

மதிப்பிடத் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது இதைத்தான்: மெல்லிய துணியில் லேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். இரண்டாவது, எந்தப் பழைய ரைஃபிளையும் நிபுணர் சோதிக்காமல் சுட்டுப் பார்க்கக் கூடாது. பட்டறைப் போலியின் இரும்பு தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வெடித்துச் சிதறினால் போவது பணம் மட்டுமல்ல, கண்ணும் கையும்தான்.