கால் போகாத இடத்துக்கு ஹெலி



மல்லாவிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி எழுதிய கடிதம் இந்த மாதம் என் மேசைக்கு வந்தது. கலிபோர்னியா எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள். விமானம் ஒன்று சிவப்பாக எதையோ கொட்டிக்கொண்டு போனதாம். "எங்கட காடு எரியேக்க மட்டும் ஏன் ஒரு பிளேனும் வாறேல்லை?" என்று கேட்டிருக்கிறாள். சோளகம் வீசுகிற காலம். குளக்கட்டில் ஏறி நின்றால் ஏதோ ஒரு மூலையில் புகை தெரிகிறது. பதில் எழுதாமல் விட மனம் வரவில்லை.

அந்தச் சிவப்பு வெறும் தண்ணீரில்லை, பிள்ளை. அமோனியம் பொஸ்பேற்றுக் கரைசல். வயலுக்குப் போடும் பசளைக்கு நெருங்கிய சொந்தம். எங்கே கொட்டியாயிற்று என்று அடுத்து வரும் விமானிக்குத் தெரியவேண்டுமே, அதற்காக இரும்பு ஒட்சைட்டுச் சேர்த்து நிறமேற்றுகிறார்கள். எரிகிற இடத்தில் அதை அநேகமாகப் போடுவதில்லை. தீ வரப்போகும் வழியில், இன்னும் பற்றாத புல்லிலும் பற்றையிலும் நீளக் கோடாகப் போடுவார்கள். அந்தக் கரைசலின் உப்புப் படிந்த இலை சுவாலை விடாமல் கருகும். தீ அந்த இடத்தில் தயங்கும். அந்தத் தயக்கத்துக்குள் தரையில் நிற்பவர்கள் வந்து வேலையை முடிக்கவேண்டும். மீனுக்கு ஆகாது என்பதால் அமெரிக்க வனத்துறை நீர்நிலைகளுக்கு 300 அடிக்குள் அதைப் பொதுவாகக் கொட்ட விடுவதில்லை.

தண்ணீர் கொட்டவென்றே செய்த விமானமும் உண்டு. கனடாவின் சீஎல்-415ஐ ரொறன்ரோவில் இருந்து இந்தப் பக்கத்தை வாசிப்பவர்கள் செய்திகளிலாவது கண்டிருப்பார்கள். ஏரியில் அது இறங்கி நிற்பதில்லை. நீரை உரசிக்கொண்டு ஓடும்போதே அடிவயிற்றுத் துளைகளால் தண்ணீர் ஏறும். 12 விநாடியில் ஏறக்குறைய 6,000 லீற்றர். ஆறு தொன் பாரம் அவ்வளவு நேரத்துக்குள் கூடினால் சுக்கானைப் பிடித்திருப்பவனுக்கு எப்படியிருக்கும்! பிறகு புகைக்குள் புகுந்து, மரத் தலைகளுக்குச் சற்று மேலே பறந்து கொட்டவேண்டும். மேலே நின்று கொட்டினால் தண்ணீர் தூவானமாகிக் காற்றோடு போய்விடும். 2023 யூலையில் கிரேக்கத்தின் எவியாத் தீவில் இதன் மூத்த வகையான சீஎல்-215 ஒன்று, தண்ணீரைக் கொட்டிவிட்டு எழும்பும்போது சிறகு மரத்தில் தட்டி விழுந்தது. விமானிகள் இருவரும் இறந்துபோனார்கள்.

நமது நாட்டில் இதற்கென்று தனி விமானம் இல்லை. விமானப்படை ஹெலிகொப்டரின் கீழே பெரிய வாளியைத் தொங்கவிட்டு அள்ளி ஊற்றுவதுதான் வழக்கம். 2020 செப்டெம்பரில் அம்பாறைக்கு அப்பால் கடலில் 'நியூ டயமண்ட்' எண்ணெய்க் கப்பல் எரிந்தபோது ஹெலிகொப்டர்கள் தண்ணீரும் தீயணைப்புத் தூளும் கொட்டின. குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 2,70,000 தொன் மசகெண்ணெயோடு போன கப்பல் அது. இந்தியாவிலும் இப்படித்தான், 2024 மார்ச்சில் நீலகிரியில், குன்னூர்க் காட்டுச் சரிவு எரிந்தபோது இந்திய விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகொப்டர் ரேலியா அணையில் வாளியை முக்கி அள்ளிக்கொண்டு போய் ஊற்றியது. நடுக்கடலும் செங்குத்துச் சரிவும் மனிதர் ஓடிப்போய் நிற்கக்கூடிய இடங்கள் அல்ல. ஹெலிக்கு அங்கே வேலை இருக்கிறது.

நம்முடைய தீ வேறு சாதி. வன்னியில் காடு உச்சியில் எரிவது அரிது, நிலத்தோடுதான் எரியும். தேக்கங்காட்டுக்குள் போய்ப் பாருங்கள். கோடையில் உதிர்ந்த இலை கணுக்கால் புதையக் கிடக்கும், மிதித்தால் அப்பளம்போல நொறுங்கும். தீ அதற்குள்ளால் ஊர்ந்து வரும். பாலையும் வீரையும் அடர்ந்த காட்டிலே என்றால், மேலிருந்து கொட்டும் தண்ணீரில் பெரும்பங்கு கொப்பிலும் இலையிலும் தங்கிவிடும். அடியில் கனல்கிற குற்றிக்கு எவ்வளவு வந்து சேரும்? அதோடு, அள்ளுவதற்கு ஆழமான தண்ணீர் வேண்டும். ஆவணியில் வவுனிக்குளம் வற்றி, பட்ட மரங்கள் தலைகாட்டி நிற்கும் கோலத்தை அறிந்த எவரும் அங்கே வாளியை இறக்கச் சொல்லமாட்டார். காற்றையும் மறக்கக்கூடாது. 2025 ஜனவரி 7ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸில் தீ வெறிபிடித்து ஓடிய அந்த இரவு, காற்று மிஞ்சிப்போனதால் அங்கேயே விமானங்களைத் தரையில் நிறுத்தவேண்டி வந்தது. அத்தனை விமானம் வைத்திருக்கும் ஊரின் நிலை அது.

ஆனாலும் மாணவியின் கேள்வியை நான் தட்டிவிடமாட்டேன். இந்த மாவட்டத்தில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைக்கு அப்பால் தீ பிடித்தால், அடித்து அணைக்கக் குழை முறித்துக்கொண்டு எவனையும் உள்ளே போகச் சொல்லமுடியாது. அங்கே வாளி கட்டிய ஹெலி வரத்தான் வேண்டும். அதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. போர்க்காலத்தில் மேலே இரைச்சல் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் விழுந்த சனம் நாம். ஹெலிச் சத்தத்துக்கு இன்றைக்கும் நெஞ்சிடிக்கிற தாய்மார் துணுக்காயில் இருக்கிறார்கள். எனவே வருவதென்றால் முதலில் ஊருக்குச் சொல்லிவிட்டு வரட்டும். கிராம சேவையாளர் கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தால் போதும்.

மற்ற இடங்களில் அணைப்பது யார் என்று எல்லோருக்கும் தெரியும். பச்சைக் குழையால் அடிப்பவர்கள், மண்வெட்டியால் இலையை வழித்து வெறுந்தரைக் கோடு போடுபவர்கள், உழவு இயந்திரத்தில் தண்ணீர்ப் பவுசரை இழுத்துக்கொண்டு வருபவர்கள். தீ தானாகவும் பிறப்பதில்லை. மாட்டுக்குப் புது முளை வரட்டும் என்று வைத்த நெருப்பு, வேட்டைக்குப் போனவன் வைத்த நெருப்பு, தேன் எடுத்தபின் சரியாக அணைக்காத பந்தம்: பெரும்பாலும் இவைதான்.

ஆகவே அடுத்த இதழில் சில பக்கங்களை உங்களுக்காக ஒதுக்குகிறேன். தேனெடுக்கப் போகிறவர்கள் பந்தத்தை எப்படி அணைத்துவிட்டு வருகிறீர்கள், காற்று எந்தப் பக்கம் வீசும்போது எங்கே நின்று குழை அடிக்கிறீர்கள், கனல்கிற குற்றியை எத்தனை நாள் காவல் காக்கிறீர்கள் என்று எழுதுங்கள். எழுத நேரமில்லாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். எழுத்துப்பிழையை நாங்கள் பார்த்துக்கொள்வோம். காற்று வாடைக்கு மாறுவதற்கு முன் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்