வெறும் பால்

எதிர்வீட்டுச் சிறுமி ஒருத்தி, பாட்டி காய்ச்சி ஆற்றி நுரை ததும்ப நீட்டிய டம்ளரைக் கண்டதும் முகத்தைச் சுளித்து, "போ பாட்டி, இது வெறும் பால்!" என்று தள்ளினாள், பாட்டியும் குற்றம் செய்துவிட்டவள்போல் பதறி, அலமாரியிலிருந்த பழுப்புப் பொடியில் இரண்டு கரண்டியைக் கலந்தாள். அந்த 'வெறும்' என்ற சொல் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. கன்றுக்கு உயிரளிக்கும் வஸ்து நம் குழந்தைகளுக்கு எப்போது வெறுமையாயிற்று?

பொடி கலவாத பாலால் பிள்ளைகள் உயரமாட்டார்கள், பரீட்சையில் தேறமாட்டார்கள் என்று நம் தாய்மார்கள் கொண்டிருக்கும் விசுவாசம் வெறும் பிரமை என்று நான் துணிந்து சொல்வேன். 1883ஆம் வருஷம் அமெரிக்காவில் வில்லியம் ஹார்லிக் காப்புரிமை பெற்ற, இவ்வகைப் பொடியான மால்ட் பால்மாவு, சிசுக்களுக்கும் ஜீரணசக்தி குன்றிய நோயாளிகளுக்கும் உரிய ஆகாரமாக விற்கப்பட்டது. அவ்வாறு பத்தியமாகப் பிறந்த ஒன்றை, மூன்று வேளையும் சோறுண்டு தெருவெல்லாம் ஓடியாடும் பிள்ளைக்கு நித்திய விதியாக்கியது விளம்பரமேயன்றி வைத்தியம் அன்று.

டப்பாவில் அச்சிடும் சேர்மானப் பட்டியலில் எடை மிகுந்தது முதலில் வரவேண்டுமென்பது சட்டம். வேறொரு கம்பெனியின் டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எறும்பு ஊர்வது போன்ற அதன் பின்புற எழுத்துக்களைப் படித்தேன்: மால்ட் சாற்றுக்கு அடுத்தபடியாகச் சர்க்கரை, சற்றுத் தள்ளித் திரவ குளுக்கோஸ் என்ற நாமத்தில் மறுபடியும் இனிப்பு. 200 மில்லி பாலிலேயே ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்க, 'பாலில் கலந்து அருந்துக' என்று விதித்துவிட்டு, அப்பாலின் பெருமையைப் பொடி தனதாக்கிக்கொள்கிறது. இரும்பும் வைட்டமின்களும் சேர்க்கிறார்கள் என்பது மெய்யே. ஆனால் முருங்கைக்கீரையும் முட்டையும் பயறும் இருக்கும் வீட்டில், அந்தச் சத்துக்களைச் சர்க்கரையின் முதுகில் ஏற்றிக் கொண்டுவர வேண்டிய அவசியம் என்ன?

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இப்பொடிகளுக்குச் சூட்டப்பட்ட 'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயருக்கு இலக்கணமே கிடையாது. 2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை அத்தலைப்பிலிருந்து நீக்குமாறு மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. ஆயினும் தலைப்புத்தான் போயிற்று, நம்பிக்கை போகவில்லை.

குழந்தை விரும்பிக் குடிக்கிறதே என்பார்கள். எதை விரும்புகிறது? அன்று பாட்டி டம்ளரை ஆற்றிக்கொண்டிருக்கையில், அச்சிறுமி கரண்டியில் ஒட்டியிருந்த பொடியைச் சுத்தமாக நக்கி முடித்து, பாலைத் தொடாமலே விளையாட ஓடிவிட்டாள்.