தொட்டியைத் தோண்டும் பூனை: அந்துருண்டை வேண்டாம், வலை போதும்!

மாடித்தோட்டத்தில் கீரை விதைத்த மறுநாளே தொட்டி மண் கிளறிக் கிடக்கும். 'இந்தப் பூனையை என்னதான் பண்றது?' என்று கேட்டால், உடனே வரும் யோசனை அந்துருண்டை. ஆனால் அதிலுள்ள நாப்தலீன் பூனைக்கு விஷம். தெரியாமல் வாயில் போடும் குழந்தைக்கும் ஆபத்து. விஷம் வைத்து விலங்கைக் கொன்றால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் 5 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம்.

பூனைக்குச் செடி மீது கோபம் எதுவும் இல்லை. மலத்தைப் புதைக்க அதற்குப் பொலபொலவென்ற மண் வேண்டும், அவ்வளவுதான். அதனால் மண்ணை மூடினாலே பிரச்னை பெரும்பாலும் தீர்ந்துவிடும். விதைத்ததும் கம்பி வலையைத் தொட்டி அளவுக்கு வெட்டி மேலே பதித்துவிடலாம். முளை அதன் கண்கள் வழியே வளரும். பெரிய செடி என்றால் சிரட்டைத் துண்டு, கூழாங்கல் போதும். மாடி மூலையில் பழைய டப் ஒன்றில் மணல் நிரப்பி வைத்தால், பூனைக்கும் ஓர் இடம் கிடைக்கும்.

அதேநேரம், பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருக்கலாம். கையுறை போட்டே மண்ணைத் தொடுங்கள். கீரையை நன்றாகக் கழுவுங்கள். கர்ப்பிணிகள் தோட்ட வேலையை வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

ஒரு பூனையை விரட்டினால், காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். வலைக்கு ஒருமுறை செலவழித்தால் போதும்.