முதலில் ஆயில், அப்புறம் அலங்காரம்

பழைய கார் ஒன்று வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் போதும், ஊரே மெக்கானிக் ஆகிவிடும். சென்ற மாதம் நாங்கள் 2015 மாடல் ஸ்விஃப்ட் டீசல் வாங்கினோம். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி. பார்க்க வந்தவர்களில் ஒருவர் அலாய் வீல் போடச் சொன்னார், ஒருவர் முன்னால் கம்பி பம்பர் வைக்கச் சொன்னார், இன்னொருவர் ஹாரனை மாற்றச் சொன்னார். ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் கட்சி இதுதான். பழைய டர்போ வண்டி வாங்கியவர், முதல் ஆறு மாதம் அதன் தோற்றத்தில் கை வைக்கக் கூடாது. கையில் இருக்கும் பணம் முழுக்க, கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்குத்தான் போக வேண்டும்.

நம் வயதுக்காரர்கள் அம்பாசடர் பார்த்து வளர்ந்தவர்கள். அது எந்த ஆயிலை ஊற்றினாலும் பொறுத்துக்கொண்டு ஓடியது. டர்போ அப்படி இல்லை. வெளியே போகும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் ப்யூகி 1905-லேயே காப்புரிமை வாங்கிய யோசனை இது. இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் கெட்டால் டர்போ கெடும். இந்த இன்ஜினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிப்பதும் ஆயிலின் அழுத்தம்தான்.

நம் ஊர்க் கல்வெட்டை எல்லோரும் குடவோலைக்காகப் புகழ்கிறோம். எனக்குப் பிடித்தது அதில் உள்ள இன்னொரு விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. முதலாம் பராந்தகன் காலத்து விதி, ஆயிரத்து நூறு வருடம் ஆகிறது. பழைய கார் விற்பவருக்கும் அதுவே பொருந்தும். சர்வீஸ் கணக்கு இல்லையென்றால், எதுவுமே செய்யப்படவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருடம் கணக்கு எழுதியவன் சொல்கிறேன், ரசீது இல்லாத செலவு செலவே அல்ல.

எங்களிடம் பாதி ரசீதுகள்தான் வந்தன. அதனால் இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினோம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டியபோது கொட்டிய தூசியைப் பார்க்க வேண்டுமே! கல்குவாரி லாரிகள் ஓடும் நம் பக்கத்துச் சாலைகளில், புத்தகத்தில் போட்ட கெடுவுக்கு முன்பே அதைத் திறந்து பார்த்துவிட வேண்டும். காற்றுக் குழாயைக் கழற்றி டர்போவின் சக்கரத்தை விரலால் ஆட்டிப் பார்த்தார் மெக்கானிக். குழாயில் லேசான எண்ணெய்ப் பசை இருந்தால் பயமில்லை, தேங்கி நின்றால்தான் கவலை என்றார்.

அடுத்தது டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2218 என்றால் 2018-ன் 22-ஆவது வாரம் செய்தது. எங்கள் வண்டியில் இரண்டு டயர் 2016-ல் செய்தவை. பட்டன் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரப்பர் வெடித்திருந்தது. நான்கையும் மாற்றினோம், அதே அளவில்.

தம்பி மகனுக்கு இதில் திருப்தி இல்லை. "பெரியப்பா, ரீமேப் பண்ணினா வண்டி பறக்கும். இதே இன்ஜின் எர்டிகாவுல 90 குதிரைத் திறன் குடுக்குது, உங்களுக்கு 75தான் வருது" என்றான். அவன் சொன்ன கணக்கு சரி. ஆனால் அந்த 90-க்கு வேறு வகை டர்போ வைத்திருக்கிறார்கள், இறக்கைகளைத் தேவைக்கேற்பத் திருப்பிக்கொள்ளும் வகை. எங்கள் வண்டியில் இருப்பது திருப்ப முடியாதது. கம்ப்யூட்டரில் எண்ணை மட்டும் மாற்றினால், அந்தக் கூடுதல் சூட்டையும் அழுத்தத்தையும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய டர்போவும் கிளட்சும்தான் சுமக்க வேண்டும். இளைஞர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. புது டர்போவும் புது கிளட்சும் போடக் காசு வைத்திருப்பவர் ஆசைப்படட்டும்.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் பதிவு செய்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு, சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. கம்பி பம்பருக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. எதிரில் வருபவர் நடந்து வந்தால் அந்தக் கம்பி அவர் எலும்பை உடைக்கும்.

காசு செலவில்லாத பராமரிப்பும் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், ஆயில் டர்போவுக்கு ஏறச் சில விநாடி வேண்டும். வேகமாக ஓட்டி வந்து நிறுத்தினால் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். உடனே அணைத்தால், சூட்டில் தேங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். கடைத்தெருவுக்கு மட்டும் ஓட்டிக்கொண்டிருக்காமல் வாரம் ஒருமுறை காஞ்சிபுரம் வரை போய் வாருங்கள். இன்ஜின் முழுச் சூடு ஏறட்டும்.

மாற்றமே வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்கள் இரண்டு மாற்றம் செய்தோம். கழுத்து திரும்பாத வயதில் ரிவர்ஸ் கேமரா அலங்காரம் ஆகாது. இரண்டாவது, நல்ல தரை மேட். பழையது நழுவிப் பிரேக் பெடலுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

நாம் இந்த வயதில் கார் வாங்குவது யாரையும் முந்திப்போக அல்ல. இரவு இரண்டு மணிக்கு வீட்டம்மாவுக்கு மூச்சுத் திணறினால், செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரை வழியில் நிற்காமல் போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்தில் அலாய் வீல் உதவாது. புது ஆயிலும் நல்ல டயரும் உதவும்.