ஏறும் நாளும் இறங்கும் நாளும்





பிழைப்பின் நிமித்தம் மும்பையிலும் புனேயிலும் பெங்களூரிலும் குடியேறியிருக்கிற நம்முடைய சபை வாலிபர் அநேகர், வேலைக்குப் போகுமுன்போ வேலை முடிந்த பின்போ ஜிம்முக்குச் சென்று எடை தூக்குகிறார்கள். அவர்களில் சிலர், கொழுப்பைக் குறைக்கும்படி 'கார்ப் சைக்கிளிங்' என்னும் உணவு முறையைக் கைக்கொள்ள விரும்புகிறார்கள். இது விசுவாசிக்குத் தகுமா, தகுமானால் எப்படித் திட்டமிடுவது என்று கேட்கிறார்கள். இக்கேள்வியை இம்மாதம் கவனிப்போம்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம் 4:8-ல், சரீரப் பயிற்சியின் பயன் சிறிது என்றும், தேவபக்தியின் பயன் இம்மைக்கும் மறுமைக்கும் உரியது என்றும் போதிக்கிறார். அவ்விடத்தில் 'பயிற்சி' என்பதற்கு அவர் எழுதிய கிரேக்கச் சொல் 'கும்னாசியா'. நம் வாலிபர் சொல்லும் 'ஜிம்' அதே வேரிலிருந்து வந்தது. சிறிது என்று சொன்ன அப்போஸ்தலன் பயனே இல்லை என்று சொல்லவில்லை. ஆகவே சிறியதைச் சிறியதாகவே வைத்து, ஒழுங்காய்ச் செய்வோம்.

இதை நாம் அசட்டை செய்யவும் கூடாது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நம் தேசத்தில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்று கணக்கிட்டது. மூன்று வேளையும் அரிசி உணவு, நாள் முழுவதும் நாற்காலி வேலை, இரவு பத்து மணிக்குப் போஜனம் என்றிருக்கும் நகர வாழ்வில் இடுப்பு பெருப்பது எளிது. நம் தேசத்து ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடுப்புச் சுற்றளவைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது என்பது மருத்துவர்களின் அளவுகோல்.

முறை என்ன?

நாம் உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பங்கு தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. பாரமான எடையைத் தூக்கும்போது தசைக்கு எரிபொருளாவது பெரும்பாலும் அதுவே. ஆகையால் கடினப் பயிற்சிக்குரிய நாளில் மாவுச்சத்தைக் கூட்டி, ஓய்வு நாளில் குறைக்கிறார்கள். புரதம் எல்லா நாளும் ஒரே அளவில் இருக்கும். கொழுப்பு, மாவுச்சத்து குறையும் நாளில் சற்றே கூடும்.

ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள்: இதில் மந்திரம் ஒன்றுமில்லை. வாரம் முழுவதிலும் செலவழிப்பதைவிடக் குறைவாக உண்டால்தான் கொழுப்பு கரையும். ஏற்ற இறக்கம் பயிற்சியில் பெலன் குன்றாதிருக்கவும், திட்டத்தில் நிலைத்திருக்கவும் உதவுகிறது, அவ்வளவே.

75 கிலோ எடையுள்ள ஒரு சகோதரனை எடுத்துக்கொள்வோம். அவருடைய எடை மாறாதிருக்க நாளொன்றுக்கு 2,300 கலோரி தேவை என்று வைத்துக்கொள்வோம். திங்கள் அதிகாலையில் கால் பயிற்சி, வியாழன் மாலையில் முதுகு, சனி மாலையில் மார்பும் கைகளும் என்று மூன்று நாள் எடை தூக்குகிறார். அவருக்குப் புரதம் தினமும் 120 கிராம். மற்றவை இவ்வாறு அமையலாம்:

உயர் நாள் (ஞாயிறு, வியாழன்): மாவுச்சத்து 300 கிராம், கொழுப்பு 55 கிராம்.

நடு நாள் (திங்கள், சனி): மாவுச்சத்து 200 கிராம், கொழுப்பு 65 கிராம்.

குறை நாள் (செவ்வாய், புதன், வெள்ளி): மாவுச்சத்து 125 கிராம், கொழுப்பு 80 கிராம்.

கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்குச் சராசரி ஏறத்தாழ 1,880 கலோரி வரும். வாரத்திற்கு 300 முதல் 400 கிராம் கொழுப்பு குறைய இது போதுமானது. ஓய்வு நாளாகிய ஞாயிறு ஏன் உயர் நாளாயிற்று? திங்கள் அதிகாலையில் கால்களுக்கு வேண்டிய பெலன் ஞாயிறு உண்ட உணவிலிருந்தே வருகிறது. ஆராதனைக்குப் பின் சபையாரோடு உட்கார்ந்து அளவாய்ப் பிரியாணி உண்ணவும் அன்று இடமுண்டு.

குறை நாள் பட்டினி நாளன்று. காலையில் மூன்று இட்லி சாம்பாரோடும் முட்டையோடும், மதியம் ஒரு கப் சோறு, பருப்பு, மீன், மாலையில் ஒரு பழமும் மோரும், இரவில் கோழியும் பொரியலும் என்றாலே அந்த 125 கிராமுக்குள் அடங்கும். ஒரு கப் சோற்றில் ஏறத்தாழ 40 கிராம் மாவுச்சத்து உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. தசை வளர்க்கவென்று புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஆலோசனை கூறுகிறது. ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பவேண்டிய பணம் பொடி டப்பாவுக்குப் போகவேண்டிய அவசியமில்லை.

உயர் நாளுக்கு மறுநாள் எடை ஒரு கிலோ கூடினால் கலங்காதிருங்கள். கிளைக்கோஜன் தன் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தண்ணீரையும் தன்னோடு வைத்துக்கொள்ளும். முதல் வாரத்தில் வேகமாய்க் குறைவதும் பெரும்பாலும் தண்ணீரே. வாரச் சராசரியையும் இடுப்பளவையும் பாருங்கள்.

வீட்டுப் பந்தி

தானியேல் நம்மைப்போல அந்நிய நகரத்தில் வாழ்ந்த வாலிபன். அவன் எடை குறைக்க மரக்கறி உண்ணவில்லை. பத்து நாள் கழிந்தபோது அவர்களுடைய சரீரம் மற்றவர்களைவிடப் புஷ்டியாகவே காணப்பட்டது! ஆகவே அந்த அதிகாரத்தை உணவுத் திட்டமாக்காதிருங்கள். ஆனாலும் அவன் கேட்ட விதத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். விசாரணைக்காரனிடத்தில் தாழ்மையாய்ப் பேசினான், நாள் குறித்தான், முடிவைப் பார்த்துத் தீர்மானிக்கும்படி அவனிடத்திலேயே விட்டான்.

ஒரே அறையுள்ள வீட்டில், ஒரே அடுப்பில், ஒரே பானையில் சமைக்கும் தாயிடம் தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்குச் சோறு வேண்டாம்" என்று சொல்லுகிற மகன், பந்தியின் சமாதானத்தைக் குலைக்கிறான். எல்லாருக்கும் சமைத்ததிலேயே சோற்றைக் குறைத்து, குழம்பு மீனையும் காயையும் கூட்டி வாங்கிக்கொள்ளலாமே! "அம்மா, ஆறு வாரம் செய்து பார்க்கிறேன், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள்.

உபவாசம்

இந்த ஒன்றை உங்கள் இருதயத்தில் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்திற்கு வரும் சிலருக்கு அதுவே குறை நாளாகவும் அமைகிறது. வயிற்றுச் சதை கரையும்படி உணவைக் குறைத்துவிட்டு, "நான் உபவாசம்" என்று சபையில் சொல்லுவது தேவனுக்குமுன் உண்மையாயிராது. மனுஷர் காணும்படி உபவாசிக்கிறவர்களுக்கு அவர்கள் பலன் கிடைத்துத் தீர்ந்தது என்று மலைப்பிரசங்கத்தில் நம் ஆண்டவர் போதித்தார். கண்ணாடி காணும்படி உபவாசித்தாலும் அப்படியே.

ஆகவே குறை நாளைக் குறை நாள் என்றே சொல்லுங்கள். மெய்யாகவே உபவாசிக்கும் நாளில் எடை தூக்காதிருங்கள்; அந்த நாளில் உண்ணாத கலோரிகளை இலாபமாக எழுதாதிருங்கள். அந்த நாள் கர்த்தருடையது. அது உங்கள் கணக்குப் புத்தகத்தில் வரவேண்டியதில்லை.

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் மாவுச்சத்தைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை அபாயமாய்த் தாழ்ந்துபோகலாம். சிறுநீரக நோயாளிகளும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்கவேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வளரும் பிள்ளைகளும் இம்முறையில் இறங்கவேண்டாம். ஜிம்மில் எவராவது ஊசியோ, பெயர் தெரியாத மாத்திரையோ நீட்டினால், யோசேப்பைப்போல அவ்விடத்தை விட்டு ஓடிப்போங்கள்.

பிரியமானவர்களே, நம்முடைய சரீரம் பரிசுத்த ஆவியானவர் தங்கும் ஆலயம். ஆலயத்தைப் பழுதுபார்ப்பது நல்லது. ஆனால் அங்கே தொழப்படுகிறவர் ஒருவரே. குறைந்த இடுப்போடும் கூடின பெலத்தோடும் நீங்கள் அவருக்கு ஊழியம் செய்ய, கர்த்தர் தாமே உங்களுக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.