சீன வைத்தியர் ஏன் நாக்கை நீட்டச் சொல்கிறார்?



"குழந்தை பிறந்து ஒரு வருஷமாச்சு, உடம்பு இறங்கவே மாட்டேங்குது. சீன மூலிகை மாத்திரை சாப்பிட்டா ஒரே மாசத்துல இளைச்சுடலாமாமே, வாங்கட்டுமா அக்கா?" எங்கள் தெருவில் இரண்டு பேரும் உறவில் ஒருத்தியும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டார்கள். கேட்ட மூன்று பேருமே கைக்குழந்தைக்காரிகள். அதனால்தான் இந்த இதழில் வேறு எதையும் எழுதாமல் இதை எடுத்துக்கொண்டேன்.

நான் வைத்தியம் படித்தவள் அல்ல. ஆனால் ஒரு விஷயம் மனசில் விழுந்துவிட்டால், நாலு புத்தகம் புரட்டி, தெரிந்த டாக்டரையும் கேட்காமல் விடமாட்டேன். அப்படிச் சேர்த்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒன்று. சீன வைத்தியம் வேறு, 'சீன மூலிகை' என்று லேபிள் ஒட்டி விற்கிற மாத்திரை வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

சீன வைத்தியத்தின் மூல நூல் 'ஹுவாங்டி நெய்ஜிங்'. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்னால் தொகுக்கப்பட்டது. பணக்கார வீட்டு நெய்ப் பண்டமும் இனிப்பும் நோயைக் கொண்டுவரும் என்று அப்போதே சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு வேடிக்கை, பருமனானவர்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். சதை தளர்ந்து வயிறு தொங்குபவர்கள் ஒரு வகை, சதை இறுகி உருவம் கச்சிதமாக இருப்பவர்கள் ஒரு வகை, உடம்பு முழுக்க ஒரே சீராகப் பெருத்தவர்கள் ஒரு வகை. எல்லாப் பருமனும் ஒன்றல்ல, வயிற்றில் சேர்வதுதான் அதிகக் கெடுதல் என்று இன்றைய டாக்டர்களும் சொல்கிறார்கள், இல்லையா?

சரி, உடம்பு ஏன் பெருக்கிறது? சீன வைத்தியர் மண்ணீரலைக் கைகாட்டுவார். நம் டாக்டர்கள் சொல்லும் மண்ணீரல் உறுப்பு அல்ல இது. சாப்பிட்டதைப் பக்குவப்படுத்தி, சத்தாக்கி, உடம்பெங்கும் அனுப்புகிற வேலைக்கே அவர்கள் வைத்த பெயர். அந்தச் சத்துக்கு, ஓடிக்கொண்டேயிருக்கும் உயிர்ச்சக்திக்கு, 'ச்சி' என்று பெயர். (முகம் சுளித்துக்கொண்டு சொல்லும் நம்ம ஊர் 'ச்சீ' இல்லை!)

சமையல் செய்கிற நமக்கு இது எளிதில் புரியும். வயிறு ஒரு பாத்திரம். அடியில் அடுப்பு எரிகிறது. அடுப்பு மந்தமானால் உள்ளே இருப்பது வேகாமல், நீர் கோர்த்து, கொழகொழவென்று நிற்கும். உடம்பில் இப்படித் தங்குவதை 'ஈரம்' என்கிறார்கள். அந்த ஈரம் நாள்பட்டு இறுகினால் 'கபம்'. நெஞ்சுச் சளி மட்டும் கபமல்ல. தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பும் அவர்கள் கணக்கில் கபம்தான். பருமனானவர்களிடம் ஈரமும் கபமும் அதிகம் என்று ஜூ டான்ஷி (1281–1358) என்ற புகழ்பெற்ற வைத்தியர் சொன்னதைத்தான் இன்றுவரை அடிப்படையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் அண்ணன் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அங்கே சீன வைத்தியர்கள் பதிவு செய்துகொண்டுதான் தொழில் நடத்த முடியும்; 2000-இல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள். அவள் ஒரு பதிவு பெற்ற வைத்தியரிடம் போய்வந்து எனக்கு போன் செய்தாள். "அத்தை, எடை மெஷினில் ஏறச் சொல்லுவாங்கன்னு பார்த்தா, நாக்கை நீட்டச் சொன்னாங்க!" என்று ஒரே சிரிப்பு. அப்புறம் இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து நாடி பார்த்தாராம். பசி எப்படி, மலம் எப்படி, தூக்கம், மாதவிலக்கு, மனக்கவலை என்று அரை மணி நேரம் கேள்வி.

நம் சித்த வைத்தியத்திலும் எண்வகைத் தேர்வில் நாடியும் நாக்கும் உண்டே! நாக்கு உப்பி, ஓரங்களில் பல் பதிந்த அடையாளம் இருந்தால் மண்ணீரல் பலவீனம், மேலே வெள்ளையாகத் தடித்துப் பிசுபிசுப்பாகப் படிந்திருந்தால் ஈரம், சிவந்து மஞ்சள் படிந்திருந்தால் சூடு என்பது அவர்கள் கணக்கு.

இப்படிப் பார்த்துப் பொதுவாக ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள்:

1. வயிற்றுச் சூடு: சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே பசி, தாகம், மலச்சிக்கல்.

2. கபமும் ஈரமும்: உடம்பு கனம், தலையில் துணி சுற்றினாற்போல் பாரம், எந்நேரமும் தூக்கம்.

3. 'ச்சி' தேக்கம்: கோபம், ஏக்கம், மனசு சரியில்லாதபோதெல்லாம் தின்பது, மாதவிலக்கு ஒழுங்கின்மை.

4. மண்ணீரல் பலவீனம்: கொஞ்சமாகச் சாப்பிட்டும் உடம்பு ஏறுவது, அசதி, இளகிய மலம், வீக்கம்.

5. அடுப்பே தணிந்த நிலை: கைகால் ஜில்லிடுவது, இடுப்பு வலி, கால் வீக்கம். என் வயசுக்காரர்களிடம் இது அதிகம் என்பார்கள்.

ஐந்துக்கும் ஒரே மருந்து கிடையாது. முதல் வகைக்குச் சூட்டைத் தணித்து மலத்தை இளக்குவார்கள். நாலாவது வகைக்கு அதே மருந்தைக் கொடுத்தால் இருக்கிற பலமும் போய்விடும் என்பார்கள். 'எல்லோருக்கும் ஒரே மாத்திரை' என்று யாராவது விற்றால், அவருக்குச் சீன வைத்தியமே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம், சகோதரிகளே. நாலாவது, ஐந்தாவது வகையின் அடையாளங்களைத் திரும்பப் படியுங்கள். கொஞ்சம் சாப்பிட்டும் எடை ஏறுவது, அசதி, குளிர் தாங்காமை, வீக்கம்: இவை தைராய்டு குறைந்தாலும் வரும். பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருஷத்துக்குள் சிலருக்குத் தைராய்டு கோளாறு வருவதுண்டு. மாதவிலக்கு தள்ளிப்போய் எடையும் ஏறினால் சினைப்பைக் கோளாறாக இருக்கலாம். எந்த வைத்தியத்துக்குப் போவதானாலும் முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நாக்கு சொல்லாததை அது சொல்லிவிடும்.

சிகிச்சை என்று பார்த்தால் ஊசி, மூலிகை, சாப்பாடு, அசைவு என்று நான்கு. மயிரிழை போன்ற ஊசியைத் தொப்புளுக்கு இருபுறமும், முழங்காலுக்குக் கீழும் குத்துவார்கள். காது மடலில் கடுகளவு விதையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, சாப்பாட்டுக்கு முன் அழுத்திக்கொள்ளச் சொல்வதும் உண்டு. மூலிகையில் தாமரை இலை, பைன் மர வேரில் வளரும் ஒரு வெள்ளைக் காளான், 'ஷான்ஸா' என்ற சிவப்புப் பழம் எல்லாம் உண்டு. காயவைத்துப் பழசாக்கிய ஆரஞ்சுத் தோலும் சேரும். தோல் பழசாகப் பழசாக மருந்துக்கு உசத்தியாம், நம் வீட்டுப் பழைய புளி மாதிரி!

பலன் உண்டா? ஊசி வைத்தியத்தால் கொஞ்சம் எடை குறைந்ததாகச் சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் பல ஆராய்ச்சிகள் சிறியவை, உறுதியாக நம்பும்படி நடத்தப்படாதவை. அசைவுக்குத்தான் நல்ல சாட்சி இருக்கிறது. 'தாய் சீ' என்று மெதுவாகக் கை கால்களை அசைக்கும் பயிற்சி உண்டல்லவா? ஹாங்காங்கில் இடுப்பு பெருத்த, 50 வயது கடந்த 543 பேரிடம் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், 12 வாரம். வேக நடையும் உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு இடுப்பு எவ்வளவு குறைந்ததோ, ஏறக்குறைய அவ்வளவே இவர்களுக்கும் குறைந்தது. சென்டிமீட்டர் கணக்கில் இரண்டுக்கும் கீழேதான். அதிசயமில்லை, ஆனால் நிஜம். 2024-இல் சீன அரசு வெளியிட்ட பருமன் சிகிச்சை வழிகாட்டியில் சீன வைத்தியத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் இல்லாமல் தனியாக அல்ல.

இனி அந்த மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். 1990-லிருந்து 1992 வரை பெல்ஜியம் நாட்டில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து இளைப்பு மருத்துவமனை ஒன்றில் சீன மூலிகைப் பொடி கலந்த மாத்திரை கொடுத்தார்கள். நாடி பார்த்து, நாக்குப் பார்த்துக் கொடுத்ததல்ல. ஆங்கில மருந்துகளையும் கலந்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தது. அதில் 'ஃபாங் ஜி' என்ற வேர் சேர வேண்டும். அந்தப் பெயரை ஒட்டியே 'குவாங் ஃபாங் ஜி' என்று வேறொரு செடியும் உண்டு. பெயர் ஒற்றுமையால் அது மாறி வந்துவிட்டது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கிவிடும் விஷம்.

விளைவு? இளைக்க வந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் கெட்டது. பெரும்பாலும் பெண்கள், நம்மைப் போலக் குடும்பம் நடத்துகிறவர்கள். டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்று போனார்கள். பின்னால் புற்றுநோய் வருமோ என்று சிறுநீரகத்தை எடுத்துவிட ஒப்புக்கொண்ட 39 பேரைப் பரிசோதித்தபோது 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது என்று 2000-இல் டாக்டர்கள் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2002-இல் இந்தச் செடி சேர்ந்த மருந்துகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே பட்டியலிட்டது. நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் இதே இனத்துச் செடிதான். யார் சொன்னாலும் அதைக் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள்.

அதோடு முடியவில்லை. 'மா ஹுவாங்' என்ற எபிட்ரா செடி இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் சீனர்கள் கொடுத்த பழைய மருந்து. அதையே இளைக்கும் மாத்திரையாக விற்றபோது நெஞ்சுப் படபடப்பும் மாரடைப்பும் வந்ததால், 2004-இல் அமெரிக்கா அத்தகைய மாத்திரைகளைத் தடை செய்தது. சிபுட்ரமின் என்ற ஆங்கில மருந்தை மாரடைப்பு, பக்கவாத ஆபத்தினால் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகும் 'சுத்த மூலிகை' என்று விற்கிற மாத்திரைகளில் அது ஒளிந்திருந்ததைப் பரிசோதனையில் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரே வாரத்தில் பசியே காணோம் என்றால், அது மூலிகையின் மகிமையாக இல்லாமலும் போகலாம்.

பால் கொடுக்கும் தாய்மார்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இளைக்கும் மருந்துகளில் அடிக்கடி சேரும் 'டா ஹுவாங்' என்ற பேதி வேரைக் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் சாப்பிடக் கூடாது. பால் வழியே போய்க் குழந்தைக்கும் வயிற்றுப்போக்கு உண்டாகலாம். சீனத்துத் தாய்மாரே பிரசவமான முதல் மாதம் வெளியே போகாமல், இஞ்சியும் சூப்பும் சாப்பிட்டு உடம்பைத் தேற்றுவார்களே தவிர, இளைக்க முயல மாட்டார்கள். நம் பத்தியம் மாதிரிதான்.

நமக்குப் பயமில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடியது அவர்கள் சமையலறை. வயிறு முட்டச் சாப்பிடாமல் கொஞ்சம் இடம் விடுவது, ஐஸ் போட்ட பானமும் இனிப்பும் குறைப்பது, ராத்திரி சீக்கிரம் சாப்பிடுவது எல்லாம் அவர்களும் சொல்வதுதான். ஈரத்தை வடிக்க அவர்கள் நம்புவது வெள்ளைப் பூசணியை! கல்யாண வீட்டுக் கூட்டுக்கு நறுக்குகிறோமே, அதேதான்.

கால் கிலோ பூசணியைத் தோலை நன்றாகக் கழுவி, தோலோடு துண்டு போடுங்கள். நாலு டம்ளர் தண்ணீரில் நசுக்கிய இஞ்சித் துண்டு போட்டுக் கொதிக்கவிட்டு, பூசணியைச் சேர்த்து, மெல்லிய தீயில் வேகவிடுங்கள். பூசணி குளிர்ச்சி, இஞ்சி சூடு, இரண்டும் சமன். உப்பு, மிளகுத்தூள், வெங்காயத்தாள் தூவி இறக்குங்கள். எண்ணெய் வேண்டாம். இது கொழுப்பைக் கரைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கிண்ணம் குடித்துப் பாருங்கள், நாலாவது தோசை கேட்காது.

கடைசியாக, இஞ்ச் டேப்பை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. தாண்டியிருந்தால் டாக்டரைப் பாருங்கள், நடக்கத் தொடங்குங்கள். வீட்டில் யாராவது 'குண்டு' என்று சொன்னார்களே என்பதற்காக மட்டும், என்ன சேர்ந்திருக்கிறது என்றே தெரியாத ஒரு மாத்திரையை வாயில் போடாதீர்கள். பத்து கிலோ கூடவே இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு சிறுநீரகமும் பத்திரமாக இருந்தால், அந்தப் பத்து கிலோவை நிதானமாகக் குறைத்துக்கொள்ளலாம்.