தர்மத்துக்கு இரவல் பெயர் எதற்கு?

ஏழைக் குழந்தைகளின் படிப்புக்கும், ஆதரவற்ற பெண்களின் ஜீவனத்துக்கும், முதியோரின் வைத்தியத்துக்கும் உதவப்போவதாகச் சொல்லிக்கொண்டு புறப்படும் ஸ்தாபனங்களில் சில, அந்தக் காரியங்களோடு எள்ளளவும் சம்பந்தமில்லாத கிரிப்டோ நாணயத்தின் பெயரை எடுத்துத் தம் திட்டங்களுக்குச் சூட்டி, நன்கொடை என்றும் உறுப்பினர் கட்டணம் என்றும் பணம் திரட்டுகிற வழக்கம் சில வருஷங்களாக உலகெங்கும் பரவிவருகிறது. பள்ளிக்கூடம் கட்டுவதற்குக் 'காயின்' எதற்கு, கண் சிகிச்சை முகாம் நடத்துவதற்கு 'டோக்கன்' எதற்கு என்று கேட்கவேண்டியவர்கள் கேளாமல் இருந்துவிடுகிறார்கள். அதற்கு அந்தப் பெயரே காரணம் என்பது என் எண்ணம். தர்மம் என்ற சொல் முன்னால் வரும்போது, கணக்குக் கேட்பவன் கல்நெஞ்சன் என்று பிறர் நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் பிறக்கிறது. கிரிப்டோ என்ற சொல் பின்னால் வரும்போது, கேட்டால் தன் அறியாமை வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சம் பிறக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து, கொடுத்தவனுக்கு இயல்பாக உள்ள உரிமையாகிய கணக்குக் கேட்கும் உரிமையை அவன் அறியாமலேயே அவனிடமிருந்து பறித்துவிடுகின்றன.

பெயரை இழந்து நிற்கும் கிரிப்டோ நாணயத்துக்கும் நியாயம் செய்யவேண்டும். சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ பலரோ 2008 அக்டோபர் 31 அன்று ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டு, 2009 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பிட்காயின், 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் பெருகாதபடி வரம்பு கட்டப்பட்டது. அதில் நடக்கும் ஒவ்வொரு கைமாற்றமும், உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு பொதுப் பேரேட்டில் பதிவாகிறது. அதை வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அதன் அபாயங்களை நம் ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரிலேயே எடுத்துச் சொல்லிவிட்டது. ஆயினும் அதற்கென்று ஒரு குணம் உண்டென்றால் அது பேரேட்டை மறைக்காமல் வைத்திருப்பதுதான். அதன் பெயரை இரவல் வாங்குகிறவர்களோ பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த ஒரு குணத்தைத் தீண்டாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒன்காயின் என்ற ஸ்தாபனத்தின் சரித்திரத்தை நம் மக்கள் நன்றாக அறிந்திருக்கவேண்டும். பல்கேரிய நாட்டு சோபியா நகரத்தில் 2014ஆம் வருஷம் ரூஜா இக்னாடோவா என்ற பெண்மணியால் தொடங்கப்பட்ட அது, பிட்காயினுக்குப் போட்டியாக வந்த நாணயம் என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டு, 'கல்விப் பொதிகள்' என்ற பெயரில் பாடங்களை விற்று, அவற்றோடு நாணயமும் சேர்ந்து வரும் என்று சொல்லி, ஒருவர் பலரைச் சேர்த்துவிடும் சங்கிலி முறையில் கண்டம்தோறும் பரவியது. குழந்தைகளின் நலனுக்கென்று 'ஒன் வேர்ல்ட் பவுண்டேஷன்' என்ற தர்ம ஸ்தாபனம் ஒன்றும் அதன் பக்கத்திலேயே நின்றது. குழந்தைகளுக்கு உதவுகிறவர்கள் நம்மை ஏமாற்றுவார்களா என்ற நம்பிக்கையோடு எத்தனையோ குடும்பங்கள் உள்ளே போயிருக்கும். பின்னாளில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் எடுத்துரைத்தபோது, அந்த நாணயத்துக்கு உண்மையான பொதுப் பேரேடே கிடையாது என்பதும், அதன் விலை சந்தையில் உண்டாகாமல் கம்பெனிக்காரர்களே நிர்ணயித்த எண் என்பதும், திரட்டிய தொகை 400 கோடி டாலருக்கு மேல் என்பதும் வெளிவந்தன. 2017 ஏப்ரலில் நவி மும்பையில் நடந்த அதன் கூட்டத்தில் போலீசார் புகுந்து பலரைக் கைது செய்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் இக்னாடோவா காணாமற்போனார். அவரோடு சேர்ந்து அதை உருவாக்கியவருக்கு 2023 செப்டம்பரில் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பணம் கொடுத்தவர்கள் கணினித் திரையில் எண்களைப் பார்த்தார்கள். அந்த எண்களை அரிசியாகவோ பள்ளிக் கட்டணமாகவோ மாற்ற வழியில்லை.

பெயருக்கு இவ்வளவு வலிமை உண்டா என்று ஐயுறுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2017 டிசம்பரில், குளிர்ந்த தேநீர் விற்றுவந்த ஓர் அமெரிக்கக் கம்பெனி தன் பெயரை 'லாங் பிளாக்செயின்' என்று மாற்றிக்கொண்டதாக அறிவித்த அன்றே, வியாபாரத்தில் வேறொரு மாறுதலும் நிகழாதிருக்க, அதன் பங்கின் விலை பன்மடங்காக ஏறியது. படித்தவர்கள் நிறைந்த பங்குச் சந்தையிலேயே இது நடந்தது.

நம் தமிழகத்தின் அனுபவமும் வேறல்ல. 2025 ஜனவரியில் சேலம் அம்மாபேட்டையில், அன்னை தெரசாவின் பெயரைத் தாங்கிய ஓர் அறக்கட்டளை பொதுமக்களிடம் பெருந்தொகை வசூலித்ததாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீசார் வழக்குப் பதிந்து, கோடிக்கணக்கான ரூபாயை ரொக்கமாகக் கைப்பற்றினார்கள். அதே வருஷம் செப்டம்பரில், இரிடியம் என்ற உலோகத்தின் பெயரையும் ரிசர்வ் வங்கியின் பெயரையும் சொல்லி, லட்சம் போட்டால் கோடி கிடைக்கும் என்று பணம் பறித்ததாகப் பலரை சி.பி.சி.ஐ.டி. கைது செய்தது. குற்றம் உண்டா இல்லையா என்பதை நீதிமன்றங்கள் தீர்மானிக்கட்டும். எங்கிருந்தோ ஒரு பெரிய பெயரைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவது என்ற முறை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். நேற்று ஒரு புண்ணியவதியின் பெயர், இன்று ஓர் உலோகத்தின் பெயர், நாளை நம் பேரையூர்த் தாலுகாப் பக்கம் வரப்போவது கிரிப்டோவின் பெயராக இருக்கலாம்.

வானம் பார்த்த கரிசல் பூமியில் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டு, மழை பொய்த்த வருஷம் பிள்ளைகளைத் திருப்பூருக்கும் சிவகாசிக்கும் அனுப்பிவைத்து, மகளிர் குழுவில் வாரந்தோறும் சேமித்து வாழ்கிற மக்கள் நிறைந்தது நம் தாலுகா. இங்கே ஒரு குடும்பத்தின் கையில் மிஞ்சுகிற 10,000 ரூபாய் எத்தனை மாதத்து உழைப்பு என்பதை நாம் அறிவோம். அந்தப் பணத்தை வாங்க வருகிறவரும் பெரும்பாலும் அந்நியராக இருப்பதில்லை. சொந்தக்காரராகவோ, குழுவில் உடனிருப்பவராகவோ, ஊரில் நல்ல பெயர் எடுத்த ஒருவராகவோ இருந்துவிடுகிறார். ஆகவே பணம் போனபின் போலீசுக்குப் போவதற்கும் மனம் வருவதில்லை.

தர்மத்தின் பணத்தைக் காப்பது எப்படி என்பதற்கு முன்மாதிரியும் இங்கேயே உண்டு. இதே பேரையூர் தாலுகாவில், டி. கல்லுப்பட்டியில், 1940ஆம் வருஷம் வெங்கடாசலபதி நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் தம் கடைசி வருஷங்களைக் கழித்தார் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா. லண்டனில் கணக்கியல் பயின்ற அவர், 1934 ஜனவரியில் பீகாரைச் சிதைத்த பூகம்பத்துக்குப் பின், ராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த நிவாரணக் குழுவின் நிதியைப் பொறுப்பேற்றுக் காத்தார். நிவாரண வேலையாக வந்த காந்தியடிகளின் பரிவாரத்துச் சாப்பாட்டுச் செலவைக்கூட அந்த நிதியில் எழுத அவர் மறுத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தேசமே வணங்கிய மகானின் பெயர்கூட அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியைத் தளர்த்தவில்லை! பக்கத்து விருதுநகரில், வியாபாரிகள் தம் சரக்கின் மேல் மகமை என்று ஒரு சிறு தொகையை எடுத்து வைத்து, வீடுவீடாகப் பிடியரிசி சேர்த்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிக்கூடம் நடத்தினார்களே, அவர்களும் கொடுத்தவனுக்கு லாபம் வரும் என்று சொல்லவில்லை. கொடுத்தது எங்கே போயிற்று என்பதை ஊரார் கண்ணால் பார்த்தார்கள்.

உண்மையான தர்மத்தில் கொடுத்த பணம் திரும்பி வராது. நன்கொடை என்று வாங்கிக்கொண்டு, அது காயினாக வளர்ந்து திரும்பும் என்று ஒருவர் சொன்னால், அந்தத் தருணத்திலேயே அது நன்கொடையாக இருப்பது நின்றுபோய் வைப்புத்தொகை ஆகிவிடுகிறது. பணமாகவோ பொருளாகவோ சேவையாகவோ திருப்பித் தருவதாக வாக்களித்து, முறையான அனுமதியின்றி வாங்கும் வைப்புத்தொகையை 2019ஆம் வருஷத்து மத்தியச் சட்டம் தடை செய்கிறது. வைப்பாளர்களைக் காக்க 1997ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு அரசு 30 சதவீத வரி வாங்குவதால் அரசே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று கூட்டங்களில் பேசுவார்கள்; வரி விதிப்பது அங்கீகாரம் அல்ல. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான அறக்கட்டளைப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிக் காட்டுவார்கள்; அந்தப் பதிவு அப்படி ஒரு பத்திரம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி, அதை எழுதியவரின் நாணயத்துக்கு அன்று.

சட்டம் பணம் போனபின் வந்து சேர்கிறது; அதற்கு முன்னால் ஊர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் கிராம சபைகள் வருஷத்தில் பல முறை கூடுகின்றன. ஊருக்குள் தர்மத்தின் பெயரால் பணம் திரட்டும் எந்த ஸ்தாபனமும், அதன் பெயர் எதுவாக இருந்தாலும், எவ்வளவு வாங்கினோம், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை அந்தச் சபையில் எழுந்து நின்று தமிழில் வாசிக்கவேண்டும், வாசிக்க மறுக்கும் ஸ்தாபனத்தைப் பற்றி வட்டாட்சியருக்கும் மதுரைப் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கும் சபையே எழுதவேண்டும் என்று ஒவ்வோர் ஊராட்சியும் தீர்மானம் நிறைவேற்றலாம். பேரையூர் போன்ற பேரூராட்சிகளில் வார்டுதோறும் கூடும் சபைகளில் இதையே செய்யலாம். இத்தகைய திட்டக்காரர்கள் முதலில் தேடி வருவது மகளிர் குழுக்களைத்தான் ஆகையால், இந்தத் தீர்மானத்தை அந்தக் குழுப் பெண்களே முன்மொழிவது பொருத்தமாக இருக்கும்.